9.6-க்கும் 9.8-க்கும் நடுவே: காமிக்ஸ் தரச்சான்றில் எதை நம்பலாம்?

ஒரே காமிக்ஸ் இதழின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் தரச்சான்று நிறுவனம் ஒன்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியவை. ஒன்றின் லேபிளில் 9.6 என்று இருக்கிறது, மற்றதில் 9.8. சாதாரணமாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் நேற்று அச்சகத்திலிருந்து வந்தவை போலத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் 9.6 பிரதியின் முதுகோரத்தில் நூலிழை போல ஒரு கோடு கூடுதலாக இருக்கலாம். ஒரு மூலை சற்றே மழுங்கியிருக்கலாம். விலையோ பல இதழ்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது.

அமெரிக்கக் காமிக்ஸ் சந்தையின் பெரும்பணம் இந்த எண்களை நம்பித்தான் கைமாறுகிறது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938ஆம் ஆண்டின் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 8.5 மதிப்பெண் பெற்ற பிரதி ஒன்று, 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது வெளிவந்தபோது அதன் விலை 10 சென்ட். இப்படிப்பட்ட சந்தையில் எந்த நிறுவனத்தின் மதிப்பெண்ணை நம்புவது என்று கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் "யார் 9.8 கொடுப்பதில் கண்டிப்பானவர்?" என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் வழி தவறும் என்பது என் எண்ணம். தரச்சான்று நிறுவனங்கள் செய்யும் உருப்படியான வேலை, கண்ணுக்குத் தெரியாத கைவேலையைக் கண்டுபிடிப்பது. சந்தை பணத்தைக் கொட்டுவது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்கு. நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதிலிருந்தே இது விளங்கும். ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு 1970இல் முதன்முதலாக வெளியானது. பழைய காமிக்ஸுக்கு நிலைக்கு ஏற்ற விலை என்ற ஒழுங்கைப் பெருமளவு அதுதான் பரப்பியது. 'மின்ட்', 'ஃபைன்', 'குட்' போன்ற சொற்கள் எல்லோருக்கும் பொதுவாயின. ஆனால் அவற்றை ஒரு பிரதிக்குப் பொருத்திச் சொன்னவர் அதை விற்கிற வியாபாரியேதான். தபாலில் பட்டியல் பார்த்து வாங்கியவர் வியாபாரியின் வாக்கை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. 1995இல் ஈபே தொடங்கிய பிறகு முகம் தெரியாதவர்களிடம் வாங்குவது பல மடங்கு பெருகியது. மங்கலான ஒரு புகைப்படத்தை வைத்து ஆயிரக்கணக்கான டாலரை அனுப்பும் நிலை வந்தது.

அட்டை கசங்கியிருப்பதோ மூலை உடைந்திருப்பதோ படத்தில் ஓரளவு தெரிந்துவிடும். தெரியாதது, ஒருவர் அந்தப் பிரதியைத் திருத்தியிருப்பது. வண்ணம் உதிர்ந்த இடத்தில் அதே நிறத்தைப் பேனாவால் தொட்டு வைப்பார்கள். கிழிசலைப் பசை தடவி மூடுவார்கள். நைந்த ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் சீவி எடுத்துப் புதியதுபோலக் காட்டுவார்கள். இன்னொரு பிரதியிலிருந்து நடுப்பக்கத்தை எடுத்து இதில் சேர்ப்பதும் உண்டு. திருத்தப்பட்ட பிரதியின் விலை, அதே தோற்றமுள்ள திருத்தப்படாத பிரதியின் விலையில் ஒரு பகுதிதான். அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் மறைத்து விற்றவர்கள் நிறையப் பேர்.

இந்தச் சூழலில்தான் 2000ஆம் ஆண்டு சிஜிசி நிறுவனம் தொடங்கியது. நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் தொழிலில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த குழுமத்தின் கிளை அது. இன்று ஃபுளோரிடாவின் சாரசோட்டாவில் இயங்குகிறது. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு பார்த்துச் சொல்லட்டும், சொன்னபின் யாரும் கைவைக்க முடியாதபடி பெட்டிக்குள் மூடிவிடலாம் என்பதே திட்டம். 0.5இல் தொடங்கி 10.0 வரை 25 படிகள் கொண்ட அளவுகோல் ஒன்று சந்தையில் நிலைத்தது. மேல்தட்டில் படிகள் நெருக்கமானவை: 9.0, 9.2, 9.4, 9.6, 9.8, 9.9, 10.0. கீழே இறங்க இறங்க இடைவெளி அரைப் புள்ளியாகிறது.

அனுப்பப்பட்ட இதழைப் பிரித்ததும் முதலில் பக்கங்களை எண்ணுகிறார்கள். சலிப்பான வேலைதான், மிக முக்கியமானதும் இதுவே. வுல்வரின் முழுமையாகத் தோன்றும் முதல் கதையான, 1974இல் வந்த இன்க்ரெடிபிள் ஹல்க் 181ஆம் இதழைப் பாருங்கள். அக்காலத்தில் மார்வெல் நிறுவனம் வாசகர் கடிதப் பக்கத்தில் சிறு ஸ்டாம்புப் படங்களை அச்சிட்டு, அவற்றை வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடியே செய்தார்கள். அதனால் அட்டை அப்பழுக்கில்லாமல் இருக்க, உள்ளே ஒரு பக்கத்தில் சதுரமாக ஓட்டை விழுந்த பிரதிகள் ஏராளம். பெட்டிக்குள் போய்விட்டால் அட்டை மட்டும்தான் தெரியும். உள்ளே ஸ்டாம்பு இருக்கிறதா இல்லையா என்பது பல ஆயிரம் டாலர் விவகாரம்.

அடுத்து, திருத்தச் சோதனை. வண்ணம் தொட்டது, பசை, ஓரம் சீவியது, ஸ்டேப்பிள் பின்னை மாற்றியது எல்லாவற்றையும் சாய்வெளிச்சத்திலும் உருப்பெருக்கியிலும் தேடுகிறார்கள். பிறகே மதிப்பெண். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பார்த்து, இறுதி முடிவை மூத்தவர் ஒருவர் எடுக்கிறார். அனுப்பியவர் யார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. நகைக்கு ஹால்மார்க் போடுகிறவரிடம் தங்கத்தின் தூய்மையை அளக்கக் கருவி இருக்கிறது. இங்கே முடிவில் மனிதக் கண்தான் எண்ணைச் சொல்கிறது. அதே பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் 9.6 என்பது 9.8 ஆகலாம், 9.4 ஆகவும் ஆகலாம். இதை அறிந்தே உடைத்து உடைத்து அனுப்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கம் குறைவதும் ஓரம் சீவப்பட்டிருப்பதும் அப்படியல்ல, அவை உண்டு அல்லது இல்லை.

சிஜிசியின் லேபிள் நிறங்கள் இந்தக் கண்டுபிடிப்புகளைச் சொல்லத்தான். நீலம் என்றால் வழக்கமான பிரதி, ஊதா என்றால் திருத்தப்பட்டது. பெரிய குறை ஒன்றைத் தனியே சொல்லிவிட்டு மற்றபடி மதிப்பெண் தரப்பட்டிருந்தால் பச்சை. ஸ்டாம்பு வெட்டிய ஹல்க் பிரதிகள் சில இந்தப் பச்சை லேபிளில் வரும். நிறுவனத்தின் சாட்சி முன்னிலையில் படைப்பாளி கையெழுத்திட்டிருந்தால் மஞ்சள். நீலம் என்றாலே யாரும் தொடாத பிரதி என்று முடிவுகட்டுவது பிழை. மிகப் பழைய இதழ்களில் மிகச் சிறிய அளவு வண்ணத் தொடுதலோ பசையோ இருந்தால் அதைக் குறிப்பாக எழுதி நீல லேபிளே தருவதும் உண்டு. ஆகவே நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் லேபிளில் உள்ள பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். தாளின் நிறமும் அங்கேதான் இருக்கிறது: வெள்ளை, சற்று மங்கிய வெள்ளை, கிரீம், பழுப்பு, இறுதியில் தொட்டால் நொறுங்கும் தாள். 2011இல் 21.6 லட்சம் டாலருக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழும் 2014இல் 32 லட்சம் டாலருக்கு விற்றதும் 9.0 பெற்றவையே. ஏலம் நடந்த காலம் வேறு என்பது உண்மை. கூடவே, பிந்தையதன் தாள் வெள்ளை என்பதும் ஏலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் பழசான மலிவுத் தாள் வெள்ளையாக இருப்பது அத்தனை அபூர்வம்.

திருத்தத்தைக் கண்டுபிடிப்பதே முதல் கடமை என்றால், அதில் தவறியதே பெரிய தவறாகவும் கருதப்பட வேண்டும். 2006 வாக்கில் அப்படி ஒரு விவகாரம் வெடித்தது. வியாபாரி ஒருவர் ஓரங்களை மிக நுட்பமாகச் சீவி அனுப்பிய பல இதழ்கள் நீல லேபிளோடு வெளியே வந்திருந்தன. ஒரே பிரதியின் முந்தைய ஸ்கேனையும் பிந்தைய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சேகரிப்பாளர்கள்தான் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். அவர் வழியாக வந்த இதழ்களை மறுபரிசோதனை செய்யும் பொறுப்பைப் பின்னர் சிஜிசி ஏற்றது. 9.8 கிடைக்காமல் 9.6 கிடைத்த கோபத்தைவிட இந்த விவகாரத்தையே சேகரிப்பாளர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய ஸ்கேன்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இன்றும் மிகச் சிறந்த பாதுகாப்பு.

திருத்தமா இல்லையா என்று இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது: பிரஸ்ஸிங். ஈரப்பதமும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து, வண்ணம் உடையாத மடிப்புகளையும் பள்ளங்களையும் நீக்குவது. எதையும் சேர்ப்பதில்லை, எதையும் வெட்டுவதில்லை. ஆகவே இது திருத்தம் ஆகாது என்பது சிஜிசியின் நிலை. சரியாகச் செய்த பிரஸ்ஸிங்கை உறுதியாகக் கண்டுபிடிக்கவும் முடியாது. எதிர்த்தவர்களின் வாதத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. 9.2 பிரதியை அழுத்தி 9.6 ஆக்கினால் அந்தப் பிரதியின் வரலாற்றில் ஒரு பகுதி அழிகிறது, லேபிளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. 2012இல் பெயர்பெற்ற பிரஸ்ஸிங் நிறுவனம் ஒன்றை சிஜிசியின் தாய்க் குழுமமே வாங்கியது. இன்று பிரஸ்ஸிங்குக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒரே பார்சலில் அனுப்பலாம். மதிப்பெண்ணை உயர்த்திக் கொடுக்கும் கடையும் மதிப்பெண் போடும் மேசையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது எனக்கு உறுத்துகிறது. மோசடி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் தரப்பு என்ற சொல்லின் மேல்தான் இந்தத் தொழிலே எழும்பியது. அதைத் தேய்க்கும் எதையும் நிறுவனம் தானாகவே தவிர்த்திருக்க வேண்டும். 2021இல் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் இந்தக் குழுமத்தின் பெரும்பங்கை வாங்கியது. இது எவ்வளவு பெரிய வணிகமாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சிஜிசிக்கு உண்மையான போட்டி 2014இல் வந்தது. சிஜிசியின் தொடக்க கால முதன்மை மதிப்பீட்டாளராக இருந்த ஸ்டீவ் போரோக் சிபிசிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அது விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளின் விலைக் கையேட்டால் பெயர்பெற்ற பெக்கெட்டின் கைக்குப் போனது. அளவுகோல் அதே 25 படிதான், மதிப்பிடும் பாணியும் அதே பள்ளியிலிருந்து வந்தது. வேறுபாடு மற்ற இடங்களில் இருந்தது. ஏன் இந்த மதிப்பெண் என்று சொல்லும் குறிப்புகளை சிபிசிஎஸ் இலவசமாகக் கொடுத்தது. சிஜிசி ஒரு காலத்தில் அதற்குக் காசு வாங்கியது. காரணம் சொல்லாத மதிப்பெண்ணைவிடக் காரணம் சொல்லும் மதிப்பெண் எனக்கு மேலானது.

அதைவிட முக்கியமான வேறுபாடு கையெழுத்தில். சிஜிசியின் மஞ்சள் லேபிளுக்கு நேரடிச் சாட்சி வேண்டும். மார்வெல் நாயகர்கள் பலரை வரைந்த ஓவியர் ஜாக் கிர்பி 1994இல் காலமானார். அப்போது சிஜிசியே கிடையாது. அவரோடு இணைந்து எழுதிய ஸ்டான் லீ 2018இல் மறைந்தார்; அதற்கு முன்பு மாநாடுகளிலும் கடைகளிலும் அவர் போட்டுக்கொடுத்த கையெழுத்துகளில் பலவற்றுக்குச் சாட்சி கிடையாது. எண்பதுகளில் ஒரு சிறுவன் கிர்பியிடம் வாங்கிய உண்மையான கையெழுத்து, சிஜிசியின் பழைய விதிப்படி அட்டையில் யாரோ பெயர் எழுதிவைத்த குறையாகவே கணக்கிடப்பட்டது. அது அநியாயம். சிபிசிஎஸ் கையெழுத்து நிபுணர்களைக் கொண்டு சரிபார்த்துத் தனி லேபிள் கொடுக்க முன்வந்தது. பின்னாளில் சிஜிசியும் கையெழுத்துச் சோதனை நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இதே வழிக்கு வந்தது. நிபுணரின் கருத்து நேரடிச் சாட்சிக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மறைந்தவர்களின் கையெழுத்துக்கு வேறு வழி ஏது?

ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த பிஜிஎக்ஸ் நெடுநாளாக மலிவான மாற்றாக இருந்துவருகிறது. சேகரிப்பாளர்களிடையே அதற்கு முதலிரண்டின் மதிப்பு இல்லை. அதன் பெட்டியில் உள்ள பிரதி அதே எண்ணுள்ள சிஜிசி பிரதியைவிட நன்றாகக் குறைந்த விலைக்கே போகும். விளையாட்டு அட்டைகளில் கோலோச்சும் பிஎஸ்ஏ 2025இல் காமிக்ஸிலும் இறங்கியது. பெயர் பெரியது. திருத்தங்களைக் கண்டுபிடிப்பதில் அதன் கண் எவ்வளவு கூர்மையானது என்பது பழைய, விலையுயர்ந்த இதழ்கள் பல அதன் மேசையைக் கடந்த பிறகே தெரியவரும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் சிஜிசி கொண்டுவந்த புதிய பெட்டியில் உள் உறையும் வெளிப் பிளாஸ்டிக்கும் உரசிய இடத்தில் எண்ணெய் மிதப்பதுபோல வானவில் வளையங்கள் தெரிந்தன. எரிச்சலூட்டியது, பிறகு சரிசெய்தார்கள். 2023 இறுதியில் வெளிவந்ததோ அடிப்படையையே ஆட்டியது. தடயம் தெரியாமல் பெட்டியைத் திறந்து, உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிரதியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த பிரதியை வைத்து விற்ற மோசடி அது. சிஜிசி விசாரணை நடத்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகத் தரப்படும் சான்று எண்களில் சந்தேகத்துக்குரிய நூற்றுக்கணக்கானவற்றை வெளியிட்டது, வழக்கும் தொடுத்தது. இங்கேயும் முதலில் கண்டுபிடித்தவர்கள் சேகரிப்பாளர்கள்தான். பழைய விற்பனைப் படத்தில் இருந்த அட்டையும் கையில் வந்த அட்டையும் ஒன்றல்ல என்று கவனித்தவர்கள். மூடிய பெட்டி என்றாலே உள்ளே இருப்பது லேபிளில் உள்ளதுதான் என்ற நம்பிக்கை அன்றோடு பலருக்குப் போய்விட்டது.

9.8 மோகத்துக்கு வருகிறேன். 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் பிரிக்காமலே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னால் வளையாத தாங்கு அட்டை கொடுத்து நிறுத்திவைத்தார்கள். இப்படிப்பட்ட இதழில் 9.8 அபூர்வமே அல்ல. சான்றுக் கட்டணமும் தபால் செலவும் சேர்ந்தால் பிரதியின் விலையையே தாண்டிவிடலாம். மாறாக 1940களின் இதழ் ஒன்று 4.0 பெற்றிருந்தாலும், எல்லாப் பக்கமும் இருக்கிறது, யாரும் வண்ணம் பூசவில்லை, ஓரம் சீவவில்லை என்று நம்பத்தகுந்த மூன்றாம் தரப்பு சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த காசு வீணாகாது. எந்தெந்த எண்ணில் எத்தனை பிரதிகள் சான்று பெற்றுள்ளன என்ற கணக்கை நிறுவனங்களே வெளியிடுகின்றன. அதையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்: உடைத்து மறுபடி அனுப்பிய பிரதியின் பழைய லேபிள் திருப்பி அனுப்பப்படாவிட்டால் அது இரு முறை எண்ணப்படும்.

தமிழ் காமிக்ஸ் சேகரிப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ்களையோ 1984இல் வந்த லயன் காமிக்ஸின் தொடக்க இதழ்களையோ இப்படிப் பெட்டிக்குள் மூடலாமா? எண்ணின் பணமதிப்பு, அதே இதழின் பல பிரதிகள் பல எண்களில் வெளிப்படையாக விற்று விலைகள் பதிவான இடத்தில்தான் உருவாகிறது. சிவகாசியிலிருந்து வரும் இந்த இதழ்களுக்கு அப்படி ஒரு பதிவு இல்லாதபோது அமெரிக்க நிறுவனத்தின் 7.5 என்பது வாங்குபவருக்குப் பெரிதாக எதையும் சொல்லாது. நம் இதழ்களில் பலவும் படித்துப் படித்து நைந்தவை, ஊசிநூல் போட்டு பைண்ட் செய்யப்பட்டவை. பக்கம் சரியாக இருக்கிறதா, அட்டை அசலா, பின்னாளைய மறுபதிப்பா என்று தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் பார்த்துச் சொல்வது இப்போதைக்குப் போதும்.

அமெரிக்க இதழ் வாங்குகிறவருக்கு என் யோசனை இது. மறுவிற்பனைதான் நோக்கம் என்றால் சிஜிசி. சந்தை இன்னும் அதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறது. சாட்சியில்லாத பழைய கையெழுத்து இருந்தால் சிபிசிஎஸ்ஸின் சரிபார்ப்பு முதலில் பார்க்க வேண்டியது. வைத்துப் படிக்கவும் ரசிக்கவும்தான் என்றால், 9.8ஐ விட்டுவிட்டு 9.0 அல்லது 9.2 வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் இன்னொரு நல்ல இதழே கிடைக்கும். எதை வாங்கினாலும் சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே படம் இருந்தால் கையில் உள்ள பிரதியோடு மூலைக்கு மூலை ஒப்பிடுங்கள், குறிப்புகளைப் படியுங்கள், லேபிளின் பொடி எழுத்தைப் படியுங்கள். அதே சான்று எண் முன்பு ஏலத்தில் விற்றிருந்தால் அந்தப் பழைய படத்தையும் தேடி எடுங்கள். பெட்டியின் விளிம்புகளில் கீறலோ வெள்ளைத் தழும்போ தெரிந்தால், காரணம் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.